யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை

ஏழாம் வகுப்பு 'பி' பிரிவுக்காரர்களே, போன வாரம் நம் வாட்ஸப் குழுவில் வந்த வீடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். வங்கியில் மேலாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்ற நம் நண்பர் அதைப் போட்டார். ஏதோ பழைய படத்தின் நகைச்சுவைக் காட்சி. இடுப்பை ஒடித்து ஒடித்து நடக்கும் ஒருவன் பஸ்ஸில் கதாநாயகனின் தோளில் கை வைக்கிறான். கதாநாயகன் ஓங்கி ஓர் அறை விடுகிறான். பஸ்ஸே சிரிக்கிறது.

நீங்களும் சிரித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வழியச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நான் ஒரே ஒரு வரி எழுதினேன்: "அந்த அறை வாங்கியவன் நான்தான்." அதற்கப்புறம் குழுவில் சத்தமே இல்லை. மறுநாள் காலையில் யாரோ ஒருவர் ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் சொல்லி அந்த வரியை மேலே தள்ளிவிட்டார். சாயங்காலம், பங்காருபாளையத்தில் மாங்கூழ் வியாபாரம் செய்யும் நண்பர் போன் செய்தார்.

"இன்னாடா, அது சும்மா காமெடிடா. நம்ம வயசுல இதுக்கெல்லாம் போயி கோச்சிக்கினு."

"கோவம் இல்லடா. தகவல் சொன்னேன்."

"ஒன்ன யாருடா சொன்னா? ஒன்ன எங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்கிறீர்கள். தெரிந்தும் அதைப் பற்றிப் பேசாமலிருப்பதை நாகரிகம் என்கிறீர்கள். ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டோம், உங்கள் நாகரிகம் இனி எனக்குக் கட்டுப்படியாகாது. சினிமாவைப் பற்றித் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிப் பிழைப்பவன் நான். ஜூன் மாதம் வந்தால் பத்திரிகைகளிலிருந்து எனக்குப் போன் வரும். "சார், இது ப்ரைடு மாசம், உங்க மாசம், நீங்க ஒரு கட்டுரை தரணும்" என்பார்கள். எனக்கு ஜூன் என்றால் சித்தூர் ரோட்டில் தோத்தாபுரி மாம்பழ லாரிகள் வரிசை கட்டி நிற்கும் மாதம், அவ்வளவுதான். ஜூலையில் அவர்களுக்கு என் ஞாபகம் இருக்காது. எனக்கு ஜூலையிலும் இப்படித்தான். அதனால் இதை யாரும் கேட்காத ஒரு மாதத்தில், உங்களுக்காக எழுதுகிறேன். நீங்களும் இருந்த ஒரு கோடைக்காலத்தைப் பற்றி.

அந்தக் கோடையில்தான் எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது. நைனா, அதாவது என் அப்பா, மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியும். சர்ச் வளாகத்துக்குள்ளேயே எங்களுக்கு வீடு. டிவி கறுப்பு வெள்ளை. நான்கு கால்களில் நிற்கும் மரப்பெட்டி, இரண்டு பக்கமும் இழுத்து மூடும் பலகைக் கதவு. மாடியில் நீளமான இரும்புக் குழாய் நட்டு, ஆன்டெனாவை மெட்ராஸ் பக்கம் திருப்பி வைத்திருந்தோம். காற்று பலமாக அடித்தால் மெட்ராஸ் போய்விடும், வெறும் புள்ளிகள் மட்டும் கொதிக்கும். அதே அறையில் பெரிய மாமா அனுப்பிய மாம்பழங்கள் வைக்கோலுக்குள் பழுத்துக்கொண்டிருந்தன. டிவி சூடேறும்போது வரும் தூசி வாசனையும் பழ வாசனையும் கலந்து அடிக்கும். இன்றும் கடையில் மாம்பழக் கூடைக்குப் பக்கத்தில் நின்றால் எனக்கு ஏதாவது பாட்டு ஆரம்பிக்கப்போகிறது என்றே தோன்றும்.

வெள்ளிக்கிழமைப் பாட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கும் நீங்கள் எல்லோரும் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்தீர்கள். நீங்கள் சண்டைக் காட்சிக்காகக் காத்திருந்தீர்கள். நான் காத்திருந்தது வேறு இரண்டு விஷயங்களுக்கு. கதாநாயகி ஆடும்போது அவள் மணிக்கட்டு திரும்பும் விதத்தைப் பார்த்தேன். கதாநாயகன் வரும்போது அவன் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிடுவதைப் பார்த்தேன். முதலாவதை நான் செய்ய விரும்பினேன். இரண்டாவதற்குப் பக்கத்தில் இருக்க விரும்பினேன். பன்னிரண்டு வயதில் அதற்கெல்லாம் பெயர் தெரியாது, ஆனால் எனக்குள் குழப்பம் எதுவும் இருக்கவில்லை. குழப்பம் பிற்பாடு பெரியவர்கள் கொண்டுவந்து போட்டது.

நீங்கள் போன பிறகு டிவியின் கதவை மூடிவிட்டு நான் ஆடிப் பார்ப்பேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். ஒரு தடவை, "கைய இன்னும் கொஞ்சம் மேல தூக்கினா நல்லா இருக்கும்" என்றாள். வேறொன்றும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடத்தில் என் நடைக்குப் பட்டப்பெயர் இருந்தது. தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. எல்லையோர ஊரில் பிறந்ததில் அப்படி ஒரு வசதி. அதை இங்கே எழுதமாட்டேன், வைத்தவர்களுக்கு மறந்திருக்காது.

சர்ச்சில் பிள்ளைகளுக்கு நடக்கும் கோடை விடுமுறை வகுப்பு முடிகிற நாளில் ஒரு கலைநிகழ்ச்சி உண்டு. அந்த வருடம் அதை நடத்தியவர் பாட்டு சார். பாடகர் குழுவுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்து ஆர்மோனியம் வாசிப்பவர். முப்பதை ஒட்டிய வயது, கல்யாணமாகவில்லை, வளாகத்தின் மூலையில் ஒற்றை அறையில் இருந்தார். பைபிளில் கடல் பிளந்து வழிவிட்ட பிறகு கரையேறிய பெண்கள் தம்புரு என்ற கைப்பறையைக் கொட்டி ஆடும் காட்சியை அவர் நாடகமாகப் போட்டார். முன்னால் நின்று ஆடவேண்டிய நர்ஸம்மாவின் மகளுக்கு நிகழ்ச்சி நெருங்கும்போது பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் உப்பிவிட்டது.

"இந்த ஆட்டம் வேற யாருக்காவது தெரியுமா?" என்று பாட்டு சார் கேட்டார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பையன்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "இவனுக்குத் தெரியும் சார், இவன் நல்லா ஆட்டிக்கினு நடப்பான்" என்றது. எல்லோரும் சிரித்தீர்கள். பாட்டு சார் சிரிக்கவில்லை. "வா, ஆடிக் காட்டு" என்றார். ஆடினேன். முடித்ததும் ஆர்மோனியத்தின் துருத்தியை மூடிக்கொண்டே, "சரி, நீதான்" என்றார். பஸ்ஸுக்கு ஆள் குறைந்தால் ஏற்றிக்கொள்வது மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அம்மா தன் வெளிர் ஊதா வாயில் புடவையைக் கொடுத்தாள். அவளிடம் இருந்ததிலேயே மெல்லியது, ஈஸ்டருக்கு மட்டும் கட்டுவது. தம்புருவுக்காகத் தகரத் தட்டைச் சுற்றிச் சோடா மூடிகளைக் கம்பியில் கோத்தோம். பொழுது சாயும் நேரம், பள்ளி ஹாலில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேடை. முதல் அடி வைத்தபோது பலகை குலுங்கியது, நான் குலுங்கவில்லை. சினிமாவில் பார்த்த மணிக்கட்டு, அம்மா சொன்ன உயரம், பாட்டு சாரின் தாளம் மூன்றும் ஒன்றாக வந்தன. சபையில் "ஒன்ஸ்மோர்" என்று கத்தினார்கள். சர்ச் நிகழ்ச்சியில் அப்படிக் கத்தி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நீங்களும் கைதட்டினீர்கள். முகத்தைப் பார்த்தேன், நிஜமாகத்தான் தட்டினீர்கள்.

அன்றைக்கு எனக்கு எந்தக் குறையும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால் எங்களைப் பற்றிய கதைகளில் எங்கள் பிள்ளைப் பருவம் எப்போதும் அழுதுகொண்டே இருக்கும். நான் அழவில்லை. சந்தோஷமாக வியர்த்துப் போயிருந்தேன்.

மறு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். ஆயர் அங்கி மாற்றும் சிறிய அறை. ஆயர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மரக்கடை வைத்திருந்த சபைச் செயலர் நின்றுகொண்டிருந்தார். நைனா சுவர்ப்பக்கம். பாட்டு சார் கதவுக்குப் பக்கத்தில், கையைக் கட்டாமல். எல்லாக் கேள்விகளையும் செயலர்தான் கேட்டார்.

"இந்த நடையெல்லாம் ஒனக்கு யார்ரா சொல்லிக்குடுத்தது?"

"யாரும் சொல்லிக்குடுக்கலங்க ஐயா."

"பாட்டு சார் ரூமுக்குப் போறியா நீ?"

"எல்லாரும் போவோம். ப்ராக்டீஸுக்கு."

"அவரு ஒன்ன ஏதாவது செஞ்சாரா? பயப்படாம சொல்லு."

"சுதி சேரலன்னா தலையில குட்டுவாருங்க."

ஆயர் இருமினார். செயலர் விடவில்லை.

"அப்ப இது எங்கேர்ந்துடா வந்துச்சு ஒனக்கு?"

"வரலிங்க ஐயா. இருந்துச்சு."

பிற்காலத்தில் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன், புத்தகமும் எழுதியிருக்கிறேன். இதைவிடச் சரியாக ஒரு வார்த்தைகூட என்னால் சொல்ல முடிந்ததில்லை. ஆனால் அந்த அறையில் யாருக்கும் அது பதிலாகப் படவில்லை. ஒருவன் இப்படி இருக்கிறான் என்றால் இன்னொருவன் செய்திருக்கவேண்டும் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

"ஒரு மன்னிப்பு கேட்டுட்டீங்கன்னா இதோட முடிஞ்சிடும்" என்றார் செயலர்.

பாட்டு சார் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பையன் நல்லா ஆடினான். ஜனங்க கைதட்டினாங்க. இதுல எதுக்குங்க மன்னிப்பு?"

மாதம் முடிவதற்குள் அவரைப் புத்தூர்ப் பக்கம் ஒரு சின்னச் சபைக்கு மாற்றினார்கள். ஆர்மோனியம் சர்ச்சுக்குச் சொந்தம் என்பதால் அதை வைத்துவிட்டுப் போனார். போகும்போது என் தலையில் ஒரு குட்டு வைத்தார். சுதி சேராததற்கு வைக்கும் அதே குட்டு, கொஞ்சம் மெதுவாக.

நைனாவுக்குப் பாட்டு சார்மேல் சந்தேகம் இருக்கவில்லை. அந்த அளவுக்கு அவர் நியாயமானவர். அவர் குற்றவாளி என்று முடிவு கட்டியது டிவியை. ஆன்டெனாவைத் தானே மாடியேறி அவிழ்த்தார். பெட்டியை ஒரு அரிசி ஆலைக்காரர் வந்து வண்டியில் ஏற்றிப் போனார். என் தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். அம்மாவின் ஊதாப் புடவையை நைனா இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைச் சைக்கிள் துடைக்க எடுத்துக்கொண்டார். தினம் காலையில் அந்தப் புடவைத் துணியால் அவர் ஹேண்டில்பாரைத் துடைப்பதை அம்மா வாசலில் நின்று பார்ப்பாள். மிச்சப் பாதியை அவள் அடுப்படி ஜன்னலுக்குத் திரையாகக் கட்டினாள். நைனா எவ்வளவோ முறைத்துப் பார்த்தார். அவள் அவிழ்க்கவில்லை. வெயில் பட்டு அது வெள்ளையாகும்வரை அங்கேயே தொங்கியது. அதைப் பற்றி அவள் என்னிடம் எதுவும் பேசியதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் கொடி ஏற்றியது அவள்தான்.

பள்ளி திறந்தபோது என்னை உங்களிடமிருந்து பிரித்துத் திருப்பதியில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். மலைக்குப் போகிற ஜனங்கள் நிறைந்த ஊர், அங்கே இருந்தால் ஒழுக்கம் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கிறிஸ்தவரான நைனாவும் அதை நம்பினார். விடுதியின் பின்சுவரை ஒட்டியே ஒரு சினிமா தியேட்டர் இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சாயங்காலக் காட்சியின் வசனம் முழுக்க எங்கள் படிப்பு அறைக்குள் கேட்கும். படத்தைப் பார்க்காமலே ஒவ்வொரு படத்தையும் மனப்பாடம் செய்தேன். பள்ளியில் கற்ற தெலுங்கைவிட அந்தச் சுவர் வழியாக வந்த தெலுங்குதான் எனக்குச் சோறு போட்டது. சினிமாவிலிருந்து என்னைக் காப்பாற்ற நைனா எடுத்த முயற்சியில்தான் நான் சினிமா எழுத்தாளன் ஆனேன்.

கல்லூரியில் சேர்ந்த வருடம் புத்தூருக்கு பஸ் ஏறிப்போய்ப் பாட்டு சாரைக் கண்டுபிடித்தேன். கல்யாணமாகியிருந்தது. மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பெண் குழந்தைகள் என் செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தார்கள். அந்த அறையில் அவரைப் பற்றி நினைத்தவை ஒன்றுகூட உண்மையில்லை. அவரும் என்னைப் போன்றவராகவே இருந்திருந்தாலும், அவர் செய்தது ஒரு பையனைப் பார்த்து 'ஆடு' என்று சொன்னது மட்டும்தான்.

"என்னாலதான சார் ஒங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"ஒன்னால இல்லடா. அவங்களால" என்றார். "அத மாத்திச் சொல்லிக்கினு திரியாத."

அன்றிலிருந்து மாற்றிச் சொல்வதில்லை.

என்னவரைப் பற்றி உங்களுக்கு ஒருவிதமாகத் தெரியும். "ஒன் ஃப்ரெண்டு எப்பிடி இருக்கார்?" என்று கேட்பீர்கள். சத்தியவேடு பக்கம் வேர்க்கடலை போடும் விவசாயக் குடும்பம். ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியும்போது கம்பெனி பஸ் ஏறுவார். இருபது வருடத்துக்கு மேலாகத் திருப்பதியில் ஒரே வீட்டில் இருக்கிறோம். எங்களைக் குற்றவாளிகளாக்கிய சட்டத்தை நீதிமன்றம் நீக்கிய நாளில் அவர் ஷிஃப்டில் இருந்தார், நான் போனில் சொன்னேன், "சரி, வரும்போது பால் வாங்கியாரவா?" என்று கேட்டார். பிறகு ஒரு நாள், எங்களைப் போன்றவர்களுக்குக் கல்யாணம் என்பது நீதிமன்றம் கொடுக்கிற விஷயம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. அன்றைக்கு அவர் வீட்டில்தான் இருந்தார். தீர்ப்பு வாசிப்பதை இருவரும் போனில் பார்த்தோம். முடிந்ததும் எழுந்து சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தார். அவருடையதை முடித்து என்னுடையதையும் போட்டார். அதை எந்தத் தீர்ப்பாலும் ரத்து செய்ய முடியாது என்று அப்போது நினைத்தேன்.

அம்மா போன பிறகு நைனா எங்களோடு வந்து இருந்தார். கடைசி இரண்டு மூன்று வருடம். குளிக்க வைப்பது, நகம் வெட்டுவது எல்லாம் என்னவர்தான். என் கை நடுங்கும் என்று நைனா என்னிடம் நகத்தைக் கொடுக்கமாட்டார். ஒரு மத்தியானம் சோறு சாப்பிட்ட பிறகு நைனா அவரைக் கூப்பிட்டார்.

"அந்த டிவிய நான் வாங்கியிருக்கக் கூடாதுப்பா."

"எந்த டிவி நைனா?"

"இவன் சின்னதுல வாங்கினது. அத பாத்துக்கினே இருந்துதான் இவன் இப்பிடி ஆயிட்டான்."

என்னவர் தட்டோடு நின்றார். "எங்க ஊட்ல டிவியே இல்லியே நைனா."

நைனா யோசித்தார். கணக்கு வாத்தியார், விடை உதைத்தால் விடமாட்டார்.

"பக்கத்து ஊட்ல?"

"நான் பத்தாவது படிக்கிற வரைக்கும் எங்க ஊருக்கே கரண்டு கெடையாது."

நைனா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "ரேடியோ?" என்றார்.

நான் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டேன். என்னவர் சிரித்துவிட்டார். நைனா சிரிக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நகம் வளர்ந்தால் கையை மட்டும் என்னவர் பக்கம் நீட்டுவார்.

போன வருடக் கடைசியில் நைனா இறந்தார். ஜனவரியில் சித்தூர் சர்ச்சில் ஞாபகார்த்த ஆராதனை வைத்தோம். உங்களில் மூன்று பேர் வந்திருந்தீர்கள். குடும்பத்தாருக்கு என்று முன் பெஞ்சை விட்டிருந்தார்கள். நான் ஒற்றைப் பிள்ளை. நானும் என்னவரும் அதில் உட்கார்ந்தோம். மாதர் சங்கத் தலைவி, நமக்கெல்லாம் அக்கா முறை, வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்தார். பிறகு எட்டிப் பார்த்தார்.

"தம்பி, சார் யாரு?"

"என் வீட்டுக்காரர்ங்க அக்கா."

"ஹவுஸ் ஓனரா? பாவம், இவ்ளோ தூரம் வந்துருக்காரே."

"ஓனர் இல்லிங்க. வீட்டுக்காரர். நைனாவ கடைசி வரைக்கும் பாத்துக்கினது அவருதான்."

அக்காவின் கை என் கையிலிருந்து மெதுவாக எழுந்து அவருடைய புடவை முந்தானையைச் சரிசெய்யப் போனது. கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து போனார். நீங்கள் மூன்று பேரும் மூன்றாம் பெஞ்சில் இருந்தீர்கள். உங்களுக்குக் கேட்டது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் மூன்று பேரும் ஒரே சமயத்தில் போனை எடுத்தீர்கள்.

இப்போதைய ஆயர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். அங்கியோடு வந்து என் காதருகே குனிந்தார்.

"அண்ணா, முன் பெஞ்ச் குடும்பத்துக்குன்னு வெச்சிருக்கோம். சார் பின்னாடி ஒக்காந்தார்னா ஃபேன் காத்து நல்லா வரும்."

என்னவர் எழப்போனார். யாருக்கும் சங்கடம் வரக்கூடாது என்று நினைக்கிற ஆள். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தேன். பிடித்த கையை எடுக்கவில்லை.

"இவரு குடும்பந்தாங்க ஐயா. காத்தும் இங்கயே நல்லா வருது."

ஆயர் எங்கள் கைகளைப் பார்த்தார். பின்னால் நிறைந்திருந்த பெஞ்சுகளைப் பார்த்தார். பீடத்துக்குப் போய்ப் பாட்டின் எண்ணை அறிவித்தார். சபை எழுந்தது, நாங்களும் எழுந்தோம். என்னவருக்கு அந்தப் பாட்டு தெரியாது. நைனாவுக்காக வந்தவர், உதட்டைக்கூட அசைக்காமல் நேராக நின்றார். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பாடினேன், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி.